8 எம்.எம். பிலிம், பழைய புரொஜெக்டர், ஒரு ராஸ்பெர்ரி பை

எங்கள் வீட்டில் இருந்த பழைய 8 எம்.எம். ரீல்களை, ஒரு பழைய புரொஜெக்டரையும் ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியையும் வைத்து நானே வீடியோவாக்கிய கதை இது. ரீல்கள் இரண்டு வகை. பெரியப்பா பினாங்கில் வேலை பார்த்தபோது எடுத்தவை ரெகுலர் 8. எழுபதுகளில் சென்னைக்குத் திரும்பிய பிறகு எடுத்தவை சூப்பர் 8. இரண்டுமே 8 மில்லிமீட்டர் அகலம்தான். ஆனால் ஒன்றுக்கான மெஷினில் மற்றதை ஓட்டினால் பிலிமின் ஓரத்தில் உள்ள ஓட்டைகள் கிழிந்துவிடும். அதனால் எது எது என்று முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

வீடியோவாக்கித் தருவதாகச் சொன்ன ஒரு கடையில் முதலில் ஒரு ரீலைக் கொடுத்துப் பார்த்தோம். சுவரில் படத்தை ஓட்டி, எதிரே கேமராவை வைத்துப் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். நடுவில் வெளுப்பு, ஓரங்களில் இருட்டு, அதோடு படம் முழுக்க விடாத துடிப்பு. அந்தத் துடிப்புக்குக் காரணம் எளிய கணக்கு. சூப்பர் 8 நொடிக்கு 18 ஃபிரேம், அதாவது 18 தனிப் படங்கள் ஓடும். புரொஜெக்டரின் விளக்கை மறைத்து மறைத்துத் திறக்கும் ஷட்டரில் மூன்று இதழ் இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் மூன்று முறை மின்னும், ஆக நொடிக்கு 54 மின்னல். நம் ஊர் வீடியோ கேமரா 25 ஃபிரேம், அதாவது 50 ஃபீல்டு (பாதிப் படம்) எடுக்கும். மிச்சமுள்ள 4தான் நொடிக்கு நாலு தடவை வெளிச்சம் ஏறி இறங்குவதாகத் தெரிகிறது. வேகத்தைத் திருகிக் குறைக்கும் வசதி உள்ள புரொஜெக்டரில் 16⅔ ஃபிரேமுக்குக் கொண்டுவந்தால் 16⅔ × 3 = 50, துடிப்பு நின்றுவிடும். கல்யாண வீட்டில் ஒரு தடவை போட்டுக்காட்ட இவ்வளவு போதும். பத்திரப்படுத்தி வைக்கும் பிரதிக்குப் போதாது. சுவரின் நிறம், சொரசொரப்பு, புரொஜெக்டர் லென்ஸ், கேமராவின் தானியங்கி வெளிச்சம் எல்லாம் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் சுவரையே விட்டுவிட்டு, பிலிமை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி நேரடியாகப் படம் எடுக்கும் வழிக்குப் போனேன். இதைப் பலர் பலவிதமாகச் செய்திருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: எல்லோரும் எந்தக் கேமரா என்று முதலில் கேட்கிறார்கள், அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பிலிம் ஆடாமல் நிற்கிறதா, அதன் பின்னால் உள்ள வெளிச்சம் சமமாக இருக்கிறதா, இந்த இரண்டும் சரியாக இருந்தால் மலிவான கேமராவே போதும்.

முதலில் ரீல்கள். ரெகுலர் 8 கோடாக் 1932இல் கொண்டுவந்தது. உண்மையில் அது 16 எம்.எம். பிலிம்தான். 25 அடியை ஒரு பாதியில் எடுத்து முடித்து, ஸ்பூலைத் திருப்பிப் போட்டு மறுபாதியில் எடுக்க வேண்டும். கழுவிய பிறகு லேபில் நடுவாகக் கிழித்து, ஒட்டி, 50 அடி ரீலாகத் தருவார்கள். அதனால்தான் இந்த ரீல்களில் பாதி தூரத்தில் ஒரு ஒட்டும், அதைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சம் பட்டு வெளுத்த சில ஃபிரேம்களும் இருக்கும். நடுவெயிலில் நின்று ஸ்பூலைத் திருப்பிய அடையாளம் அது. நான் அதை வெட்டவில்லை. 1965இல் வந்த சூப்பர் 8இல் பிலிம் கார்ட்ரிட்ஜுக்குள் அடைபட்டே வந்தது, திருப்பும் வேலை இல்லை. ஓட்டையைச் சிறிதாக்கிப் படத்தின் இடத்தைப் பெரிதாக்கினார்கள். ரெகுலர் 8 ஃபிரேம் ஏறத்தாழ 4.8 × 3.5 மி.மீ., சூப்பர் 8 ஃபிரேம் 5.79 × 4.01 மி.மீ. கண்ணால் பிரிக்க எளிய வழி: ரெகுலர் 8இல் ஓட்டை பெரிது, இரண்டு ஃபிரேமுக்கு நடுவே உள்ள கோட்டில் இருக்கும். சூப்பர் 8இல் சிறிய ஓட்டை, ஃபிரேமின் நடுவுக்கு நேராக இருக்கும். ரீலின் நடுத்துளையும் சொல்லிக்கொடுக்கும். பெரிய துளை சூப்பர் 8.

கோடாக் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் மாதிரி சின்னக் குறிகள் இருக்கும். அவை தயாரித்த ஆண்டைக் காட்டும். ஒரே குறி 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால் 1943ஆ 1963ஆ என்ற சந்தேகம் வரலாம். கைக்குழந்தையாக யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் அது தீர்ந்துவிடும்.

அப்புறம் முகர்ந்து பார்க்க வேண்டும். அசிடேட் பிலிம் கெடத் தொடங்கினால் வினிகர் வாசனை வரும், கூடவே சுருங்கும். எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை ஒரு ஸ்டீல் ஸ்கேலால் அளக்கலாம். ரெகுலர் 8இல் ஓட்டைக்கு ஓட்டை 3.81 மி.மீ., ஆக 100 ஓட்டை 381 மி.மீ. வர வேண்டும். சூப்பர் 8இல் 4.234, அதாவது 423.4 மி.மீ. ஒரு சதவீதத்தை நெருங்கிச் சுருங்கியிருந்தால் பிலிமை ஒவ்வொரு ஃபிரேமாக இழுக்கும் புரொஜெக்டரின் கொக்கி ஓட்டையில் சரியாக விழாது, கிழிக்கத் தொடங்கும். அப்படிப்பட்ட ரீல் ஒன்று எங்களிடமும் இருந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்தேன்.

சென்னைக் காற்றுக்குப் பூஞ்சை பிடிக்காத பிலிம் கிடைப்பது அரிது. பூஞ்சை பட்ட பிலிமில் தண்ணீர் மட்டும் படவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், துடைத்தால் படமும் துணியோடு வந்துவிடும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த, பஞ்சு உதிராத துணியை இரண்டு விரலுக்கு இடையில் பிடித்து, பிலிமை மெதுவாக அதன் வழியே ஓட்டினேன். பழைய ஒட்டுகள் பல விட்டிருந்தன. அவற்றை ஸ்ப்ளைசிங் டேப்பால் திரும்ப ஒட்டினேன். சூப்பர் 8 ரீல்களில் சில ஃபூஜியின் சிங்கிள் 8. அளவு ஒன்றே, ஆனால் பாலியஸ்டர் பிலிம். பிலிமை ஒட்டும் பசையான பிலிம் சிமெண்ட் அதில் ஒட்டாது, டேப்தான் போட வேண்டும். பாலியஸ்டர் கிழியவும் கிழியாது. எங்காவது சிக்கினால் மெஷின்தான் உடையும்.

புரொஜெக்டர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. ரெகுலர், சூப்பர் இரண்டையும் ஒரு நெம்புகோலால் மாற்றி ஓட்டக்கூடிய டூயல் 8 மாடல். உள்ளே பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. இந்த வயதுப் புரொஜெக்டர்களில் அது சாதாரணம். வாங்கும்போது பெல்ட்டையோ மோட்டாரையோ பார்க்க வேண்டாம், இரண்டையும் கழற்றி எறியத்தான் போகிறோம். மெஷினைச் சுழற்றும் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கொக்கி மேலும் கீழும் போகிறதா, கேட்டில் (வெளிச்சத்துக்கு முன்னால் பிலிம் நிற்கும் ஜன்னல்) துரு இருக்கிறதா, பிலிமை நகர்த்தும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பல் முழுசாக இருக்கிறதா, அவ்வளவுதான்.

முதல் வேலை, மின்சாரப் பகுதி முழுவதையும் எடுத்துவிடுவது. டிரான்ஸ்ஃபார்மர், 100 வாட் ஹாலஜன் விளக்கு, மோட்டார், மூன்றும் வெளியே. ஹாலஜன் இருக்கும் வரை பிலிமை நிறுத்த முடியாது, நின்ற ஃபிரேம் கண்ணெதிரே கொப்புளித்து உருகிவிடும். விளக்கு போனதும் ஷட்டர் இதழ்களுக்கும் வேலை இல்லை, அவற்றையும் கழற்றினேன். லென்ஸும் போனது. மிச்சம் இருப்பது கேட், கொக்கி, ஸ்ப்ராக்கெட், ரீல் கைகள். நமக்கு வேண்டியதும் அதுதான்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு நேமா 17 ஸ்டெப்பர் மோட்டார், அதாவது சிறு சிறு படிகளாகச் சுற்றும் மோட்டார்தான் இப்போது மெஷினை ஓட்டுகிறது. மோட்டாரில் 20 பல் புல்லி, புரொஜெக்டர் தண்டில் 60 பல் புல்லி, நடுவே 3டி பிரிண்டர்களில் போடும் ஜிடி2 பெல்ட். தண்டின் விட்டத்துக்குச் சரியாக 60 பல் புல்லியின் துளையைப் பெரிதாக்க லேத் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. ஸ்டெப்பருக்கு ஒரு சுற்று 200 ஸ்டெப், 3 சுற்றுக்குத் தண்டு ஒரு சுற்று, ஆக ஒரு ஃபிரேமுக்கு 600 ஸ்டெப். மோட்டாரை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டை, ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப்பில் வைத்தால் 4800 மின் துடிப்பு. எடுத்துச் சுற்றும் ரீலும் அதே தண்டிலிருந்தே ஓடுவதால் அதற்குத் தனி மோட்டார் தேவைப்படவில்லை.

எண்ணிக்கையை மட்டும் நம்பி ஓட்டினால், எங்காவது பெல்ட் ஒரு பல் தாண்டினால் போதும், அதற்குப் பிறகு எல்லா ஃபிரேமும் பாதியில் நிற்கும். அதனால் தண்டில் ஒரு சின்ன நியோடிமியம் காந்தமும், எதிரே காந்தத்தை உணரும் ஏ3144 ஹால் சென்சரும் வைத்தேன். கொக்கி பிலிமை விட்டுப் பின்வாங்கிய நிலையில் சென்சர் சிக்னல் தர வேண்டும். ஒவ்வொரு சுற்றும் அந்த இடத்தில் வந்து நிற்கும். ஏ3144க்கு 5 வோல்ட் கொடுக்க வேண்டும், ஆனால் இதையெல்லாம் கட்டுப்படுத்தும் ராஸ்பெர்ரி பையின் இணைப்பு பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. சென்சரின் அவுட்புட் தானாக வோல்ட் தராத ஓபன் கலெக்டர் வகை என்பதால், அதற்கு வோல்ட் தரும் புல்-அப் ரெசிஸ்டரை 3.3 வோல்ட்டில் கட்டினால் சிக்கல் இல்லை. இன்னொன்று: சில புரொஜெக்டர்களில் ஷட்டர் தண்டு மூன்று சுற்று சுற்றினால்தான் கொக்கி ஒருமுறை இழுக்கும். என்னுடையதில் ஒரு சுற்றுக்கு ஒரு ஃபிரேம். காந்தத்தை ஒட்டும் முன் கையால் சுற்றி இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டில்தான் எனக்கு அதிக நேரம் போனது. புரொஜெக்டரின் கேட் ஜன்னல் ஃபிரேமைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும், ஓரங்கள் மறைந்துவிடும். ஓட்டை தெரியவே தெரியாது. நமக்கு முழு ஃபிரேமும் வேண்டும், ஓட்டையும் வேண்டும். ஊசி அரத்தால் ஜன்னலை ஓட்டைப் பக்கமாக அகலப்படுத்தினேன். பிலிமின் ஓரங்கள் உட்காரும் தண்டவாளத்தைத் தொடக் கூடாது, பிலிம் சமமாக நிற்பது அதன் மேல்தான். ராவிய பிறகு விளிம்பில் இருக்கும் பிசிறு ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே கோடாகக் கீறும். 1000ஆம் நம்பர், பிறகு 2000ஆம் நம்பர் உப்புத்தாளால் நகத்தில் உரசினாலும் தட்டாத அளவுக்குத் தேய்த்து, கடைசியில் குப்பையில் போட வேண்டிய ஒரு பிலிம் துண்டை முன்னும் பின்னும் ஓட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகுதான் நல்ல பிலிமைப் போட்டேன்.

விளக்குக்கு 3 வாட் வெள்ளை எல்.இ.டி. ஒன்று போதும், ஆனால் நிறத் துல்லியம் உள்ளதாக, அதைக் காட்டும் சி.ஆர்.ஐ. எண் 95க்கு மேல் பார்த்து வாங்க வேண்டும். தெருவோரத்தில் கிடைக்கும் மலிவான வெள்ளை எல்.இ.டி.யில் சிவப்பு குறைவு. கோடாக்கின் கலர் பிலிமான கோடாக்ரோமின் சிவப்புப் புடவையை அது செங்கல் நிறமாக்கிவிடும், பிறகு கம்ப்யூட்டரில் எவ்வளவு திருகினாலும் சரிவராது. வெளிச்சத்தைக் குறைக்க பி.டபிள்யூ.எம். டிம்மர் போடாதீர்கள், அது அணைந்து அணைந்து எரிவதால் படத்தில் பட்டை விழும். மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும் கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர்தான் வேண்டும். எல்.இ.டி.க்கும் பிலிமுக்கும் நடுவே 3 மி.மீ. பால் நிற அக்ரிலிக். பெயர்ப்பலகை செய்யும் கடையில் வெட்டுத் துண்டு கேட்டால் சும்மாவே தருவார்கள். பிலிமை ஒட்டி வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தால் அதிலுள்ள தூசி ஃபோகஸில் வராது.

இந்தப் பரவலான வெளிச்சத்துக்கு இன்னொரு பலன் உண்டு. புரொஜெக்டரின் குவிந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கீறலும் கருப்புக் கோடாகத் துருத்தி நிற்கும். எல்லாத் திசையிலிருந்தும் வரும் வெளிச்சத்தில் பாதிக் கீறல்கள் மங்கிப்போகும், கான்ட்ராஸ்டும் சற்று இறங்கும். கோடாக்ரோம் மாதிரி கருமை அடர்ந்த பிலிமுக்கு அது நல்லதுதான்.

இப்போது கேமரா. 2020இல் வந்த ராஸ்பெர்ரி பை ஹெச்.க்யூ. கேமராவைப் போட்டேன். 12.3 மெகாபிக்சல், சென்சர் அகலம் 6.29 மி.மீ., ஒரு பிக்சல் 1.55 மைக்ரான். ஃபிரேமும் சென்சரும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று பிம்பம் போதும். லென்ஸ், ஸ்டுடியோ இருட்டறைகளில் படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜரில் இருந்த 50 மி.மீ. லென்ஸ். டிஜிட்டல் வந்த பிறகு இவற்றை யாரும் சீண்டுவதில்லை. சமதளத்தைப் பக்கத்திலிருந்து எடுக்கவே செய்யப்பட்டவை, ஓரம் வரை கூர்மை. லென்ஸின் எம்39 மரையிலிருந்து கேமராவின் சி-மவுன்ட் மரைக்கு ஒரு அடாப்டரும், நீளத்துக்குச் சில குழாய்களும் சேர்த்தால் வேலை முடிந்தது. ஒன்றுக்கு ஒன்று எடுக்கும்போது பிலிமிலிருந்து சென்சர் வரை நாலு மடங்கு குவிதூரம், அதாவது சுமார் 200 மி.மீ. வேண்டும். ஓட்டையும் உள்ளே வர வேண்டும் என்பதால் 0.85 மடங்கில் நிறுத்தினேன். 7.4 மி.மீ. அகலம் தெரிகிறது.

மெகாபிக்சல் ஏன் முக்கியமில்லை என்பது இங்கேதான் புரியும். இவ்வளவு பக்கத்திலிருந்து எடுக்கும்போது லென்ஸின் துளையை எஃப் 5.6 (எண் கூடினால் துளை சிறிது) என்று வைத்தாலும் சென்சருக்கு அது ஏறத்தாழ எஃப் 10 மாதிரிதான் நடந்துகொள்ளும். அந்தத் துளையில் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) ஒரு புள்ளி 14 மைக்ரான் வட்டமாகப் பரவும், அதாவது ஒன்பது பிக்சல் அகலம். எஃப் 4க்குத் திறந்தால் 10 மைக்ரான். அதற்கு மேல் திறந்தால் லென்ஸின் ஓரம் மங்கும், பிலிமின் லேசான வளைவும் ஃபோகஸைக் கெடுக்கும். நான் எஃப் 4இல் விட்டேன். ஃபோகஸைப் படத்தைப் பார்த்து வைக்காமல் பிலிமின் துகள்களைப் பார்த்து வையுங்கள். பெரியப்பாவின் கேமரா பல இடங்களில் ஃபோகஸ் தவறியிருக்கும், துகள் தவறாது. முடிவில் நான் வைத்துக்கொள்வது 1440 × 1080 படம். வீட்டுப் பிலிமுக்கு அதற்கு மேல் போனால் துகளைத்தான் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

எக்ஸ்போஷர், நிறம் எல்லாவற்றிலும் தானியங்கியை அணைத்துவிட வேண்டும். எவ்வளவு வெளிச்சம் வைப்பது என்பதற்கு ஓட்டைதான் அளவுகோல். பிலிமில் எந்த இடமும் வெறும் ஓட்டையைவிட வெளிச்சமாக இருக்க முடியாது. ஓட்டை, பிக்சல் வெளிச்சத்தின் உச்சமான 255க்குச் சற்றுக் கீழே, 240 சுமாருக்கு வரும்படி கேமராவின் ஷட்டர் நேரத்தை வைத்து, வெள்ளை நிறத்தையும் அதிலேயே சமப்படுத்தி, அந்த ரீல் முடியும் வரை கை வைக்காமல் இருந்தால் எந்த வெளுப்பும் வெட்டுப்படாது. பிலிம் இல்லாமல் வெறும் விளக்கை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு எல்லா ஃபிரேமையும் அதனால் வகுத்தால் ஓர இருட்டும் போய்விடும்.

இருட்டான காட்சிகளுக்கு ஒரே ஃபிரேமை இரண்டு எக்ஸ்போஷரில், இரண்டாவதை நாலு மடங்கு கூட்டி எடுத்துச் சேர்க்கிறேன். இதில் ஒரு பொறி இருக்கிறது. எக்ஸ்போஷரை மாற்றச் சொன்னதும் பை கேமரா உடனே மாற்றாது, சில ஃபிரேம் கழித்தே அமலுக்கு வரும். படத்தோடு வரும் விவரக் குறிப்பான மெட்டாடேட்டாவில் எக்ஸ்போஷர் நேரத்தைப் படித்து, கேட்டது வந்திருந்தால்தான் சேமிக்க வேண்டும்.

மோட்டார் நின்றதும் ஒரு சிறு இடைவெளி விட்டுப் பிலிம் அதிர்வு அடங்கிய பிறகு கிளிக். ஃபிரேமுக்கு ஒன்றரை நொடி என்று வைத்தால் 50 அடி ரெகுலர் 8இல் உள்ள 4000 ஃபிரேமுக்கு 1 மணி 40 நிமிடம். சூப்பர் 8இல் 3600 ஃபிரேம், ஒன்றரை மணி நேரம். ஓட விட்டு வேறு வேலை பார்க்கலாம், ஆனால் வீட்டை விட்டுப் போகக் கூடாது, விட்டுப்போன ஒட்டு ஒன்று எப்போது வேண்டுமானாலும் வரும். கேமரா தருவதைச் சுருக்காமல் ரா கோப்பாக வைத்தால் ஒரு ரீலே 70 ஜி.பி.யைத் தாண்டும். நான் உயர்தர ஜேபெக்கோடு நிறுத்திக்கொண்டேன்.

ஃபிரேமை நிலைநிறுத்துவது பைத்தானில் சில வரிகள். படங்களை ஆராயும் ஓபன்சிவி என்ற மென்பொருளால் இடது ஓரப் பட்டையை மட்டும் வெட்டி, வெளிச்சமான பகுதியைப் பிரித்து, ஓட்டையின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் கண்டுபிடித்து, அதன் மையம் எப்போதும் ஒரே இடத்தில் வரும்படி படத்தை நகர்த்துகிறேன். ரெகுலர் 8இல் ஃபிரேமுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஓட்டை தெரியும், இரண்டின் நடுவை எடுக்க வேண்டும். ஓரம் கிழிந்த இடங்களில் கணக்கு தாவும். அங்கே முந்தைய ஃபிரேமின் அளவையே பயன்படுத்தச் சொல்லியிருக்கிறேன். இது புரொஜெக்டரின் ஆட்டத்தை மட்டும் எடுக்கும். கையில் கேமராவைப் பிடித்தபோது வந்த நடுக்கம் அப்படியே இருக்கும். அதையும் மென்பொருளால் எடுக்கலாம்தான், எனக்கு மனசு வரவில்லை.

படம் இடம் வலம் மாறியிருக்கிறதா என்பதைக் கடைப் பலகை ஒன்றைப் பார்த்துச் சரிசெய்யலாம். பலகையே இல்லாத ரீலில் சட்டைப் பொத்தானைப் பாருங்கள்.

வேகம்: ரெகுலர் 8க்கு நொடிக்கு 16, சூப்பர் 8க்கு 18. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் அந்த வேகத்தையே கொடுத்து மூலப் பிரதியைச் செய்து வைக்கிறேன். டிவிக்கும் வாட்ஸ்அப்புக்கும் அனுப்ப 24 ஆக்குவது எளிது. 16இல் ஒவ்வொரு இரண்டாவது ஃபிரேமையும், 18இல் ஒவ்வொரு மூன்றாவது ஃபிரேமையும் இன்னொரு முறை காட்டினால் போதும். நடு ஃபிரேம்களைத் தானாக உருவாக்கி 60க்குக் கொண்டுபோகும் மென்பொருள்கள் இப்போது நிறைய உண்டு. ஓடும் குழந்தையின் காலைப் புகையாக்கிவிடுகின்றன, எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் ரீல்கள் எல்லாமே ஊமைப் படம். ஒலிப்பட்டை உள்ள சூப்பர் 8 கிடைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒலி படத்துக்கு 18 ஃபிரேம் முன்னால் பதிவாகியிருக்கும், அதைத் தனியாக எடுத்துச் சேர்க்க வேண்டும். எங்களுக்கு அந்த வேலை இல்லாததால், காலியாக இருந்த ஒலித்தடத்தில் பெரியம்மாவைப் பேசவைத்தோம். படத்தை ஓடவிட்டு ஒரு மைக்கைப் பக்கத்தில் வைத்ததுதான். "இது யாரு பெரியம்மா?" என்றால் பெயரும் ஊரும் வரும், கூடவே அவர்களோடு இருந்த பழைய சண்டையும் வரும். அந்தப் பகுதியை வெட்டிய பிரதி ஒன்றும் வெட்டாத பிரதி ஒன்றும் இருக்கிறது. யாருக்கு எது என்பதைப் பெரியம்மாவே முடிவு செய்கிறார்.

சுருங்கிப்போன அந்த ஒரு ரீல் இன்னும் மிச்சம். அதற்குக் கொக்கியே ஆகாது. ஓட்டையைத் தொடாமல், பிலிமை இரண்டு உருளைக்கு நடுவே பிடித்து நகர்த்தும் ஒரு கேட்டைப் பழைய கேசட் டெக்கில் டேப்பை நகர்த்தும் கேப்ஸ்டன் தண்டு, ரப்பர் உருளையோடு செய்துகொண்டிருக்கிறேன். மோட்டாரும் விளக்கும் கேமராவும் அதேதான். ஹால் சென்சர் மட்டும் வேண்டாம், ஓட்டை எங்கே வந்திருக்கிறது என்பதைக் கேமராவே பார்த்து, இன்னும் எத்தனை ஸ்டெப் நகர வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்லும். வெற்றுப் பிலிமில் ஓடுகிறது. கேசட்டின் ரப்பர் 8 மி.மீ. பிலிமுக்குக் குறுகலாக இருப்பதால் பிலிம் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. கொஞ்சம் அகலமான உருளை ஒன்று கடையச் சொல்லி லேத் பட்டறையில் கொடுத்திருக்கிறேன்.